ஊதா நீலமாகும் வரை

ஜூன் 3

ஒன்றிலிருந்து நாலு வரை அத்தானின் பல் கிளினிக் மூடியிருக்கும். அந்த மூன்று மணி நேரம் இந்த ரிசப்ஷன் மேசை என் ராஜ்யம். மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பல் சிரிக்கிறது. அதை வைத்துக்கொண்டு சோகமாக எதையும் எழுத வராது.

அத்தான் இன்று ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். நாற்பது லிட்டர். கடல் மீன் வளர்க்கப் போகிறாராம். மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நோயாளிகளுக்குப் பயம் தெளியும் என்று பல் டாக்டர்கள் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு பை உப்பு, ஒரு வாளி மணல், ஈரத்துணியில் சுற்றிய நாலு கல், ஒரு பெட்டி நிறைய சோதனைக் குழாய்.

"பாப்பா, நீதானே லேப் படிச்சவ. இது உன் பொறுப்பு."

முப்பத்தாறு வயதுப் பாப்பா. சரி என்றேன். இந்த வீட்டில் எனக்கு வேறு சொல் தெரியாது.

ஜூன் 4

மீன்கடைக்காரரிடம் போனில் பாடம் கேட்டேன். மனிதர் மூச்சு விடாமல் பேசுகிறார். "அதைக் கல்லுன்னு லேசா நினைச்சிடாதீங்க மேடம். உயிர்க்கல். அதுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு."

எனக்குப் புரிந்த வரையில்: கல்லில் செத்த பூச்சி பொட்டெல்லாம் அழுகி அம்மோனியா வரும். ஒரு வகைக் கிருமி பெருகி அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை மெதுவாகப் பெருகி அந்த நைட்ரைட்டைத் தின்னும். இரண்டும் பூஜ்யம் ஆனால்தான் மீன் விடலாம். அதற்கு முன் விட்டால் மறுநாள் மிதக்கும். நாலைந்து வாரம் ஆகுமாம்.

ஆட்டோகிளேவுக்காகக் காய்ச்சி வடித்து வைத்திருந்த தண்ணீரில் உப்பைக் கரைத்தேன். ஆட்டோகிளேவ் என்பது பல் பிடுங்கும் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பெட்டி. கருவிகள் அக்காவின் பொறுப்பு, அந்தப் பெட்டி அவளுக்குச் சாமி அறை. கருவியைத் தவிர ஒரு துரும்பு உள்ளே போகாது. போன வருஷம் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்துத் தரச் சொன்னதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தண்ணீரை எடுத்ததற்கு இன்று ஒரு முறைப்பு. அதோடு போயிற்று.

ஜூன் 6

நாற்றம். இன்று காலை கூட்டம் சேர்ந்த நேரத்தில் கிழவர் ஒருவர் தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன டாக்டர், புடுங்குன பல்லை எல்லாம் இதுலதான் போட்டு வைக்கிறீங்களா?" எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீங்கிய கன்னத்தோடு வந்தவரும் சிரித்தார். மீன் இல்லாமலே பயம் தெளிகிறது.

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "செத்த எலி நாத்தம். என் பக்கம் கொண்டுவராதே" என்றாள். இந்தத் தொட்டியைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

சோதனையில் நல்ல பச்சை, அம்மோனியா வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. சோதனைக் குழாயைக் கையில் பிடித்தே எத்தனை வருஷம்!

ஜூன் 9

என்னோடு லேப் படித்த தோழி எழுதியிருக்கிறாள். கடலோர ஊர் ஒன்றில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம். அவள்தான் இப்போது பொறுப்பு. ஒரு இடம் காலி. "உனக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்டி. முப்பதாம் தேதிக்குள்ள வர்றேன் இல்ல வரலன்னு சொல்லு. அதுக்கு மேல என் கையில இல்ல."

இங்கே வந்தது எப்படி? புகுந்த வீட்டை விட்டு, அந்த மனிதரை விட்டு, ஒரு பெட்டியோடு வந்தேன். ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்க்கா என்றேன். ஆறு வருஷம். யாரும் கட்டி வைக்கவில்லை. மாடியில் வீடு, கீழே கிளினிக், நடுவில் பதினேழு படி. காலையில் பதினேழு இறங்குகிறேன், இரவில் பதினேழு ஏறுகிறேன்.

நன்றி கெட்டவள் என்று ஆகிவிடக்கூடாதே என்கிற பயம்தான். வேறென்ன.

ஜூன் 10

சொல்லவில்லை.

ஜூன் 11

மதியம் சாப்பிடும்போது வாயெடுத்தேன். "அக்கா, ஒரு விஷயம்..."

அவள் முந்திக்கொண்டாள். "நானும் சொல்லணும்னு இருந்தேன். மாடியில உன் ரூமுக்கு ஜன்னல் பெருசு பண்ணச் சொல்லியிருக்கேன். எத்தனை வருஷம் அந்தப் புழுக்கத்துல கிடப்பே?"

அத்தான் சொன்னார்: "பாப்பா இல்லேன்னா இந்த கிளினிக் ஒரு நாள் ஓடாது."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கீழே வந்து தொட்டி முன்னால் நின்றேன். பெரிய கல்லின் இடுக்கில் ஒரு குழாய்ப்புழு இருக்கிறது. கண்ணாடியைத் தட்டினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் மெல்ல வெளியே வந்து சின்ன விசிறி மாதிரி விரியும். அழுகல், விஷத்தண்ணீர், எதையும் சட்டை பண்ணவில்லை.

சரி. எழுதியே வைக்கிறேன். நைட்ரைட் பூஜ்யம் ஆகிற அன்று சொல்லிவிடுவேன். எப்படியும் முப்பதுக்குள் ஆகிவிடும். தொட்டிக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டால், இவ்வளவுதான்: ஒரு தேதியை நானே வைத்தால் நானே தள்ளிப்போடுவேன். தொட்டி வைக்கட்டும்.

ஜூன் 15

அம்மோனியா இறங்குகிறது. நைட்ரைட் ஏறிவிட்டது. குழாயில் அடர்ந்த ஊதா. பூஜ்யம் என்றால் வெளிர் நீலமாக இருக்க வேண்டும்.

ஆச்சரியம் - அக்கா தொட்டி பக்கம் வந்தாள். "இந்த ஊதா எப்ப போகும்?" என்று கேட்டாள். இன்னும் பத்து நாள் என்றேன். "ஓ" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வேலையில் ஒன்றைப் பற்றி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஜூன் 18

கல்லோடு ஒளிந்து வந்த நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்கிறது. நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்வையிடுகிறது, ஒரு வேலையும் செய்வதில்லை. மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அக்கா இன்றும் கேட்டாள். ஊதாதான் என்றேன்.

ஜூன் 22

ஊதா வெளுக்கிறது. எனக்கோ அது வெளுக்கவே வேண்டாம் போலிருக்கிறது. இது என்ன கூத்து? ஆக வேண்டும் என்றுதானே காத்திருக்கிறேன்? இன்று இரண்டு முறை சோதித்தேன், ஒரு முறையாவது கூடுதலாகக் காட்டாதா என்று. காட்டவில்லை.

அத்தான் பொறுமை இழந்துவிட்டார். "இருபது நாளா என் பேஷன்ட்டுங்க கல்லைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு மீன் விட்டா என்ன?" கூடாது என்றேன். இந்த வீட்டில் நான் சொன்ன முதல் 'கூடாது'. அவர் மறுபேச்சுப் பேசாமல் போனார். எனக்கே திக்கென்றது.

ஜூன் 25

நீலத்தில் ஒரு துளி ஊதா. நாளை அல்லது நாளை மறுநாள். "அக்கா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு" - குளியலறையில் ஐந்து தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்து தடவையும் குரல் உடைகிறது.

ஜூன் 26

எல்லாம் போயிற்று.

காலையில் அக்கா என்னைத் தபால் நிலையத்துக்கு அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் கல் இல்லை. மணலில் நாலு பள்ளம், அவ்வளவுதான். கருவி அறைக்கு ஓடினேன். ஆட்டோகிளேவ் கதவு திறந்திருக்கிறது. ஸ்டீல் தட்டில் என் நாலு கல்லும் வரிசையாக, வெளுத்து, ஆவி பறக்க. தட்டில் அந்த டேப் வேறு ஒட்டியிருக்கிறாள், கிருமி எல்லாம் செத்தால் கறுப்பாகுமே, அந்த டேப். நன்றாகக் கறுத்திருந்தது.

"நாத்தம் அடிச்சுது. சுத்தம் பண்ணேன்" என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

எங்க நாத்தம்? நாத்தம் போய் ரெண்டு வாரம் ஆச்சே! கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதே இல்லை. அந்தப் புழு... விசிறி மாதிரி... ஐயோ.

மீன்கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் அலறுகிறார். "கல்லை வேக வச்சீங்களா! சில கல்லுல இருக்கிற ஜீவனோட விஷம் நீராவியில கலந்தா ஆளையே சாய்ச்சிடும் மேடம்!" போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அக்காவிடம் கேட்டேன்: "இருமல் இருக்கா? மூச்சு முட்டுதா? கண் எரியுதா?" இல்லை என்று தலையாட்டினாள். கதவை, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன ஜென்மம் நான்? ஒழுங்காகக் கோபப்படக்கூட வராது.

அத்தானுக்கு இது வேடிக்கை. "உங்கக்கா ஒரு நாள் என்னையும் அதுல போட்டு எடுத்துடுவா."

ஜூன் 27

கல் செத்தது. மறுபடி முதலிலிருந்து. ஐந்து வாரம். முப்பதாம் தேதி போயே போய்விட்டது.

உண்மையை எழுதுகிறேன், இங்கே கூடப் பொய் எதற்கு. காலையில் கண் விழித்ததும் நெஞ்சுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்பாடா, சொல்ல வேண்டாம். பூஜ்யம் ஆகவில்லை, என் மேல் தப்பில்லை. அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிற்பகல்.

இதை அப்போதே கவனிக்காமல் விட்டேனே. சாப்பாடு போடும்போது அக்கா கேட்டாள்: "இனிமே பூஜ்யம் வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும்ல?"

பூஜ்யம்.

அவளிடம் ஊதா பற்றித்தான் பேசியிருக்கிறேன். பூஜ்யம் என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் தேதி. பதினைந்தாம் தேதி அவள் வந்து நின்று ஊதா எப்போது போகும் என்று கேட்டாள். நான் சந்தோஷப்பட்டேன். மக்கு.

ஒரு ஜாடிக்கு இரண்டு நாள் முகம் தூக்கியவள், கடல் கல்லைத் தானே கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

ஜூன் 28

அக்கா, இதை நீ படிப்பாய். மேசை டிராயரில் வழக்கமான இடத்தில்தான் வைக்கிறேன்.

நீ செய்தது பெரிய தப்பு. டைரியைப் படித்தது ஒன்று, கல்லை வேகவைத்தது இன்னொன்று. ஆனால் நான் ஆறு வருஷமாக ஏதாவது ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறேன். அதற்கு நீ பொறுப்பில்லை.

இனி நான் பூஜ்யத்துக்காகக் காத்திருக்கவில்லை. தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தாலும் முப்பதாம் தேதி சரி என்று சொல்லப்போகிறேன். உன்னிடம் வாயால் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். வரவில்லை. எழுத்தில் வருகிறது.

ஜூன் 29

கருவி அறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"என் பொண்ணு படிக்க வெளியூர் போனா. போகட்டும்னு இருந்தேன். அவ போகப் பிறந்தவ. நீ... நீ எங்கடி போகப்போறேன்னு நினைச்சிருந்தேன்."

"அக்கா."

"அவர் பேஷன்ட்டுங்ககிட்ட நாள் பூரா பேசுவார். மேல வந்தா டிவி. இருபத்தி ரெண்டு வருஷமா இந்தத் தொட்டிப் பக்கத்துல நிக்கிறேன். என்னைப் பத்தி ஒரு டைரியில எழுதக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் சொன்னது கழுவும் தொட்டியை. "உன்னோடத படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. நீ கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. நான் ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. துண்டை எடுத்து, அவள் கழுவிக் கொடுத்ததை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவளும்தான். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தது வசதியாகப் போயிற்று.

ஜூன் 30

காலை பத்து மணி. சரி என்று சொல்லிவிட்டேன். தோழி போனில் கூவிய கூவலில் காது அடைத்துவிட்டது. அத்தானிடமும் சொன்னேன். "அப்ப ரிசப்ஷன்ல யாரு?" என்றார். முதல் கேள்வி அதுதான். பிறகு, பாவம், "போயிட்டு வா பாப்பா" என்றார்.

மதியம் டைரியைத் திறந்தால் இருபத்தெட்டாம் தேதிப் பக்கத்தில், சிரிக்கும் பல்லுக்கு மேலே, அக்காவின் கையெழுத்து:

"எப்படி டெஸ்ட் பண்றதுன்னு எழுதி வச்சிட்டுப் போ."

ஜூலை 11

எழுதி ஒட்டிவிட்டேன். எத்தனை சொட்டு, எத்தனை நிமிஷம், ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் மட்டும், உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மீன்கடைக்காரர் புதிதாக ஒரு கைப்பிடி உயிர்க்கல் கொடுத்தார், விதைக்கு. வெந்த நாலு கல்லுக்கு நடுவே வைத்திருக்கிறேன். மேனேஜர் கண்ணாடியில் இருந்ததால் பிழைத்தார், பழையபடி பார்வையிடுகிறார்.

நாளை காலை ஏழு மணிக்கு வண்டி.

ஆகஸ்ட் 9

ஞாயிறு. இந்த அறையில் ஜன்னல் சின்னது. மூன்றாவது மாடி என்பதால் காற்றுக்குக் குறைவில்லை. லேபில் நேற்று மட்டும் அறுபது பாட்டில் தண்ணீர். இங்கே எல்லோரும் என்னை மேடம் என்கிறார்கள், முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அக்கா போன் செய்தாள். இந்த ஒரு மாசமாக நாள் தவறாமல் சோதனை எண் சொல்லிக்கொண்டிருந்தவள், நாலு நாளாகத் தொட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயம். இன்றும் வெயில், அத்தானின் முதுகுவலி, ரிசப்ஷனுக்கு வந்த பெண் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் தணிந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அந்தக் கல்லு விஷயத்துக்கு உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும். பூஜ்யம் வர்ற அன்னைக்குக் கேட்டுடணும்னு வச்சிருந்தேன்."

"விடுக்கா. பூஜ்யம் வந்துடுச்சா?"

அவள் பின்னால் தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அது வந்து நாலு நாள் ஆச்சு."