குணசுந்தரி அக்கா பார்த்த பக்கம்

ஜூன் 9, திங்கள்
லேபர் காண்ட்ராக்டர் சுப்பராயன் இன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாளைய ஷிப்ட் பார்க்க அவருடைய நானூறு தொழிலாளர்களும் சாயங்காலம் ஒரே நேரத்தில் நுழைந்தால் நான் பார்த்துக்கொள்ளும் அவர் வெப்சைட் படுத்துவிடும். முழுப்பக்க கேஷ் (cache) போட்டுவிட்டேன். ஐந்து மணிக்குப் பக்கத்தை ஒருமுறை எடுத்து வைத்து, எல்லோருக்கும் அதையே காட்டும். பக்கம் திறக்க ஒன்பது விநாடி ஆனது, அரை விநாடி ஆச்சு. நான் கெட்டிக்காரன்தான்!

ஜூன் 12, வியாழன்
கும்மிடிப்பூண்டி ஆபீசில் தகராறு. சுப்பராயனின் ஆட்களில் ஒருவரான குணசுந்தரி அக்கா காலை ஷிப்டை விட்டுவிட்டு மதியம் வந்து நின்றார். மூன்று மாதம் ஒரு ஷிப்டும் தவறாதவர்களுக்குத்தான் கம்பெனியில் பர்மனென்ட். அவருக்கு நாலே நாள் பாக்கி. சைட்டில் மதியம் என்றுதான் இருந்தது என்கிறார். மற்றவர்களுக்கு ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும், இவர் அதில் இல்லை. காட்டலாம் என்றால் போன் கேட்டில், செக்யூரிட்டியிடம். என் லேப்டாப்பில் திறந்தேன். காலை.
“சைட் சரியாத்தான் சார் இருக்கு. அக்கா மாத்திப் படிச்சிருப்பாங்க.”
அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி
ஐயோ. புதன் சாயங்காலம் போலவே இன்றும் சூப்பர்வைசர் ஆறு மணிக்கு மேல் ஷிப்டை மாற்றியிருக்கிறார். என் லேப்டாப்பில் மாறிவிட்டது, என் மனைவி ஸ்நேகா போனில் மாறவில்லை. அட்மினான எனக்கு கேஷ் வேண்டாம் என்று நான்தானே வைத்தேன்? எனக்கு மட்டும் புதுசு, ஊருக்கெல்லாம் பழசு. அக்கா சரியாத்தான் படிச்சிருக்காங்க.
பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சில் உட்கார முடியவில்லை. சொன்னால் வேலை போகும் — சொல்லாவிட்டால் நான் இன்னா மனுசன்?

ஜூன் 16
இன்றும் சொல்லவில்லை. சீ.

ஜூன் 18, புதன்
செவ்வாப்பேட்டையில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.
“அத்தினி பேர் முன்னாடி என்னைப் படிக்கத் தெரியாதவளாக்கிட்டு, இங்க வந்து காதுல சொல்லிக்கினு இருக்கியே தம்பி. அங்க வந்து சொல்லு.”

ஜூன் 20, வெள்ளி
ஷிப்ட் மாறும் நேரம், பஸ் பக்கத்தில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சுப்பராயன் அக்கா பெயரைத் திரும்பச் சேர்த்தார். என்னிடம் சைட் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 1, செவ்வாய்
ஆபீஸ் சாவியைக் கொடுக்கப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்றார். அக்கா கம்பெனி யூனிபார்மில் பக்கத்தில் வந்தார். மன்னிப்பார் என்று நினைத்தேனோ என்னவோ, சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பர்மனென்ட் கார்டைக் காட்டி உள்ளே போனார்.