தங்கையின் குடலிலிருந்து

அன்புள்ள அக்கா,

உன் குடலில் நல்ல கிருமிகளே மிஞ்சவில்லை, என் மலத்திலிருந்து எடுத்துச் செலுத்தலாம் என்று டாக்டர் சொன்னதும், "போயும் போயும் உன் பீயாலயாடி நான் பொழைக்கணும்?" என்று சிரித்தாயே! அதற்காகவே தினமும் பயறும் கீரையுமாகச் சாப்பிட்டேன்.

நேற்று எனக்குத் தொண்டை வலி. அம்மா உன் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டாள். குடித்த பிறகுதான் சொன்னாள். "அக்காவுக்குக் குடுக்கிற உடம்புடி, சுத்தமா இருக்க வேணாமா?"

அது என் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். இனி மூன்று மாதம் என்னிடம் எடுக்க முடியாதாம். வேறு யாருடையதும் பொருந்தவில்லை.

"அதுவரைக்கும் தாங்குவாளா?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாளை அம்மா வந்து உன் காலைப் பிடித்துவிடுவாள். ஏன் அழுகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே, அக்கா.

உன் வாலு