எந்தப் பெட்டியிலும் விழாத சீட்டு

அன்புத் தம்பிக்கு,

காலடிப்பேட்டை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினோம். பின்னால் அத்தாவின் பாட்டனாருடைய தகரப்பெட்டி. அதில் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்து இடைத்தேர்தல் ஓட்டுச்சீட்டு!

“இன்னாடி இது, கலீஜா கீது, தூக்கிப் போடு” என்றார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை.

பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்த அந்தத் தேர்தலில் நின்றது பாட்டனாரின் சொந்த அண்ணன். ஒரே ஓட்டில் தோற்றார். “அண்ணனுக்குத்தான் போட்டேன்” என்று பாட்டனார் சாகும்வரை சத்தியம் செய்தாராம்.

அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். அப்படியென்றால் இந்தச் சீட்டு வீட்டுக்கு எப்படி வந்தது? திரைக்குப் பின்னால் பெட்டிகளைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றிருப்பார்? யாருக்குப் பயந்தார்? இரண்டு நாளாக இதே யோசனை.

அத்தா உன்னை வெளியே போகச் சொன்ன அன்று, நீ வாசலைத் தாண்டியதும் உனக்காக அவரிடம் சண்டை போட்டேன் என்று ஃபோனில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்று நானும் கதவுத் திரைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

உன் அக்கா