பதினான்கு தையல்

அம்மாவுக்கு, உன் மகன் கும்பிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை பொய்யில்லை.

தையல் மெஷினில் குனிந்தே கிடப்பதால் வந்தது என்று நான் நினைத்த இடுப்பு வலி, சிறுநீரகத்தில் காசநோயாம். இடதுபக்கத்துச் சிறுநீரகம் முழுதும் கெட்டுவிட்டதால் போன மாதம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பதறாதே. வலதுபக்கத்தது நன்றாக வேலை செய்கிறது, வலியும் விட்டது. மாத்திரையை மட்டும் இன்னும் சில மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

கட்டுப் பிரித்ததும் பதினான்கு தையலையும் கண்ணாடியில் பார்த்தேன். "ஒரே சீரா விழுந்திருக்கு டாக்டர், எங்கயும் சுருங்கல" என்றேன். "இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படி சர்டிபிகேட் குடுத்ததில்ல" என்று சிரித்தார்.

ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து கேட்டார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர், "நான் இவன் அண்ணன்தான், எங்க போடணும்?" என்று முன்னால் வந்து நின்றார். எட்டு நாளும் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை.

பெல்ட் தழும்பில் உரசுகிறது. நாடா வைத்த பைஜாமா இரண்டு தைத்து அனுப்பு. நானே தைக்கலாம்தான். ஆனால் நீ தைத்ததுதான் வேண்டும்.

மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன, முடிக்கிறேன். அண்ணனுக்கும் இரண்டு தைத்துவிடு, அம்மா. அவருக்கு இடுப்பு நாற்பத்திரண்டு.