வழுக்கி விழுந்தவர்கள்

சென்னை,
3.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ஊரில் எடுத்த ஆய்வுக் கணக்கு முடிந்துவிட்டது. போன வருடம் அடிபட்ட பெண்கள் நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர் வழுக்கி விழுந்தவர்கள்! எலும்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எழுதப் போகிறேன். வீடு வீடாக நீங்கள் கூட வந்ததால்தான் எல்லோரும் வாய் திறந்தார்கள். சவுரியப்பன் மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சோபனா


மாதா துணை
14.2.2025

சோபனா கண்ணுக்கு அத்தை தங்கம்மா எழுதறது. நாங்க சொகம், கறவமாடும் சொகம். போனு உங்க மாமா கையில இருக்குது, அதான் லெட்டரு. பதில அங்கன்வாடி ரேவதி பேருக்குப் போடு.

சுண்ணாம்புச் சத்துன்னு எழுதிப்புடாத கண்ணு. யாரும் வழுக்கல. நீ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு, "மாட்டுக் கொட்டாயில வழுக்கி வுழுந்துட்டா, எழுதிக்க"ன்னேனே, அத்தனையும் பொய்யி. புருசன் அடிச்சத வெளிய சொன்னா ஊரு மானம் போவும்னு நெனச்சேன். நீ வேற மொதல்ல ரேஷன் கார்டக் கேட்ட. எடுத்தாந்த ஆம்பள அங்கியே குந்திக்கிட்டான். அவ என்னத்தச் சொல்லுவா? பூட்டிக் கெடந்த ஒம்போது வூட்ட வுட்டுட்டுப் போனியே, அவளுங்க மூஞ்சி வீங்கி அம்மா வூட்டுல கெடந்தாளுங்க.

நேத்து எதுத்தவூட்டு செல்லிய, புருசன் சென்றாயன் ஒலக்கையால மண்டையிலயே போட்டான். செவுரெல்லாம் ரத்தம். பல்லு மூணு வாசப்படியில கெடந்துச்சு. ஆசுபத்திரியில டாக்டரு கேட்டதுக்கு, "வழுக்கி வுழுந்தேன்"னா. நான் சொல்லிக்குடுத்த வார்த்த கண்ணு. பொய்ச்சாட்சி சொன்ன நாக்குல செபமால வரமாட்டேங்குது.

அத்தை


சென்னை,
22.2.2025

அத்தை,

தப்பு என்னுடையதும்தான். இன்னும் ஆயிரம் வீடு கேட்டிருந்தாலும் இதே பொய்தான் பெரிய எண்ணாக வந்திருக்கும். எழுதியதை நிறுத்திவிட்டேன். திரும்ப வந்து பெண்களைத் தனியாகக் கேட்கிறேன். நீங்கள் கூட வரக்கூடாது.

செல்லி எப்படி இருக்கிறாள்? கோபிக்காதீர்கள், இன்னொன்று. என் தாளில் நீங்களும் இருக்கிறீர்கள். இடது மணிக்கட்டு, கிணற்றடியில் வழுக்கியது.

சோபனா


மாதா துணை
4.3.2025

கண்ணு,

செல்லி ஞாயித்துக்கெழம போயிட்டா. மண்டைக்குள்ள ரத்தம். ஆசுபத்திரி சீட்டுலயும் வழுக்கி வுழுந்ததாத்தான் எழுதியிருந்தாங்க. நானே டேசனுக்குப் போயி, கண்டதச் சொல்லிட்டேன். சென்றாயனப் புடிச்சுட்டாங்க. ஊரான் வூட்டு வெவகாரம் உனக்கு என்னாத்துக்குடின்னு உங்க மாமா முடியப் புடிச்சு இழுத்துப்போட்டு ஒதச்சாரு. மூச்சு வுட்டா வெலாவுல குத்துது.

கெணத்தடின்னு எழுதனத அடிச்சுடு. கதவு இடுக்குல என் கைய வெச்சு சாத்துனாரு. உன்னத் தோள்ல தூக்கித் தேரு காட்டுன மனுசந்தான். உனக்கு மனசு கேக்காது, தெரியும்.

வர்றப்ப மொதல்ல நம்ம வூட்டுக்கே வா. என்னத் தனியாக் கேக்க வேணாம். அவரு முன்னாலயே கேளு. சத்தமாச் சொல்றேன், தெருவுக்கே கேக்கட்டும்.

தங்கம்மா