நீ எழுதிய சைபர்

மாமு,

போன வெள்ளிக்கிழமை காலை என் வீட்டு மொட்டைமாடியில் உன் வாசனை வந்தது. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூக்கைத் துளைத்துக் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் அமோனியா நெடி அது. தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் மெஷினைப் பூட்ட வந்த ஆள், தண்ணீரைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். எண்ணூர்ப் பக்கம் நாம் வேலை பார்த்த ஆலையில், இருபது வருடம் உன் சட்டையிலும் டிபன் பாக்ஸிலும், நாம் தொங்கிக்கொண்டு போன பஸ் கம்பியிலும் ஒட்டியிருந்த அதே நெடி. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நீ வந்துவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன்.

திருவொற்றியூர் போர் தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டில் வெள்ளை, குழாய் வாயில் வெள்ளை, ஷவரில் பாதித் துளை அடைப்பு. ஹீட்டரைக் கழற்றினால் உள்ளே கையளவு சுண்ணாம்பு. தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று என் மகள் ஒரு வருடமாக என்னை அரித்தெடுத்தாள். "நைனா, பாய்லர் தண்ணிக்கெல்லாம் காவல் நின்னேன்னு பெருமை பேசிக்கினு கீற. நம்ம வூட்டுத் தண்ணி எப்பிடி கீது பாத்தியா?" என்று ஒரு நாள் குத்தினாள். அது சுருக்கென்று தைத்தது. சரி, மெஷின் வைத்துக்கொள் என்றேன்.

மெஷினுக்குத்தான் சம்மதித்தேன், கொண்டுவந்த ஆளை நம்பவில்லை. நாற்பது வயது இருக்கும், எம்.கே.பி. நகர்க்காரர். வந்ததுமே, "கரிக்கிறது போவாது சார். முன்னாடியே சொல்லிட்றேன். சோப்பு நுரைக்கும், வெள்ளை படியாது, அவ்ளோதான்" என்றார். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை அமுக்கப் பார்க்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஒரு டம்ளரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் கையோடு கொண்டுவந்த சாஃப்ட்னர் தண்ணீர் வைத்துச் சோப்பு கலக்கிக் காட்டினார். அவர் குனிந்த நேரத்தில் டம்ளர்களை இடம் மாற்றி வைத்தேன். நுரைக்க வேண்டியதுதான் நுரைத்தது. அப்படியும் விடாமல், சோப்பில் ஏதோ இருக்கிறது என்று கீழேயிருந்து எங்கள் துணி சோப்பை எடுத்துவரச் சொன்னேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தப் புத்தி உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியதா, என்னிடமிருந்து உனக்கு ஒட்டியதா, தெரியவில்லை. டீ கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்க்காமல் நீ ஒரு வாய் குடித்ததில்லை. பஸ் போர்டைப் படித்து, கண்டக்டரைக் கேட்டு, ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளையும் கேட்பாய். "எவன் இன்னா சொன்னாலும் ஒருவாட்டி நீ பாத்துக்கோ மாமு" என்பது நீ எனக்குத் தினம் ஓதிய மந்திரம். நீ சாஃப்ட்னர் ஆபரேட்டர், நான் ஃபிட்டர். ஒருவரும் நம்மை நம்பவில்லை, நாமும் ஒருவரையும் நம்பவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தோம்.

மெஷினுக்குள் கல்லுப்பைக் கொட்டியதும் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "உப்புத் தண்ணிக்கு உப்பா? நல்லா ஏமாத்தறான்பா!" மகளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நீ சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். "உள்ள கீற ரெசின் மணி ஒவ்வொண்ணும் பஸ் சீட்டு மாதிரி. சுண்ணாம்பு ஏறி உக்காந்துக்கும். எல்லா சீட்டும் ரொம்பிட்டா, உப்புக் கூட்டத்த உள்ள அனுப்பி எயுப்பி உடணும். அப்பதான் அடுத்த டிரிப்பு." பூட்ட வந்தவர் கையில் ஸ்பேனரோடு நின்று கேட்டார். "நல்லாக் கீது சார், இனிமே நானும் இத்தயே சொல்லிக்கிறேன்" என்றார். உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தகராறு பைபாஸில்தான் வந்தது. தண்ணீர் மெஷினுக்குள் போக ஒரு வால்வு, வெளியே வர ஒரு வால்வு, மெஷினைத் தொடாமல் தாண்டிப்போக நடுவே ஒரு குறுக்குக் குழாய். அதிலும் ஒரு வால்வு. மெஷின் கெட்டுப்போனால் மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும், மற்ற நாளெல்லாம் இறுக மூடியிருக்க வேண்டும். அவர் அதற்கு பிளாஸ்டிக் வால்வை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பித்தளை வால்வைக் கொண்டுவந்தேன். உள்ளே மூடி வந்து உட்காரும் சீட்டை பேஸ்ட் போட்டு நானே தேய்த்தது, நானே பேக்கிங் மாற்றியது. "பழசு வோணாம் சார்" என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து நான் வால்வு பூட்டிக்கினு கீறேன்" என்று சொல்லி, நானே பூட்டி, நானே சக்கரத்தைத் திருகி மூடினேன். கை இறுகியது. என் கை இறுகினால் ஒரு சொட்டு தாண்டாது. இந்தப் பெருமையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய்.

அதற்குப் பிறகுதான் அந்த பாட்டில் வெளியே வந்தது. மெஷின் வாயில் தண்ணீர் பிடித்து, அமோனியா மருந்தில் சில சொட்டு விட்டு, கறுப்புப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டு ஆட்டினார். நீலம். சுண்ணாம்பு துளியும் இல்லை என்று அர்த்தம். நீ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாயே, அதே நீலம். ஆனால் எனக்கு அது போதவில்லை. "இங்க காட்டறது இருக்கட்டும். கீய குளிக்கிற ரூம்ல புடிச்சிக் காட்டு" என்றேன். குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகட்டும் என்று மூன்று பக்கெட் பிடித்துக் கொட்டிவிட்டு, நான்காவதில் டம்ளரை மொண்டார். மருந்து விட்டதும் திராட்சை ரசம் போலச் சிவந்தது.

அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! "மேல ஒண்ணு காட்டற, கீய ஒண்ணு வருது. யார்கிட்ட உன் வேலையக் காட்டற? பாத்தியா பாப்பா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று வீடே அதிரக் கத்தினேன். சந்தேகப்பட்டவனுக்கு அது பலித்துவிட்டால் வரும் குஷி இருக்கிறதே, அது பொல்லாதது.

அவர் கோபப்படவில்லை. "நான் மேல காட்டுனது மெஷின் வாயில வர்ற தண்ணி சார். அதுல பொய் இல்ல. அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எங்கியோ கலக்குது" என்றார். மாடிக்குப் போய் மெஷினின் இரண்டு வால்வுகளையும் மூடினார். பைபாஸும் மூடியிருக்கிறது. இனி வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரக் கூடாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, குழாய்க்குள் இருந்தது வடியட்டும் என்று காத்திருந்தோம். வடிந்தது. ஆனால் நூல் போல ஒரு தாரை நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. "நிக்கவே இல்ல நைனா" என்று கீழேயிருந்து மகள் கத்தினாள். அவர் என் பித்தளை வால்வைத் தொட்டுக் காட்டினார். "இதான் சார் பாஸ் ஆவுது. மூடியும் தண்ணி தாண்டுது."

சக்கரத்தை மறுபடியும் பிடித்துத் திருகினேன். இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணீரும் போய்க்கொண்டுதான் இருந்தது. வெயில் ஏறிய தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் ஏறிவிட்டது என்று மகள் மோர் கொண்டுவந்தாள். எனக்கு பிரஷர் இல்லை மாமு. நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

பாய்லரில் டியூப் வெடித்து ஆலை நின்ற அந்த வாரம். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. டியூபை அறுத்துப் பார்த்தால் உள்ளே நகத்தின் கனத்துக்குச் சுண்ணாம்பு. ஆபீசர் உன் நோட்டை விரித்தார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் உன் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே சைபர். பாய்லருக்குப் போகும் சாஃப்ட்னர் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை என்று நீ எழுதிய சைபர்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, அங்கேயும் இருந்த பைபாஸ் வால்வு மூடியிருக்கிறதா பார் என்றார். நான் சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன். கை இறுகியது. "டைட் சார். நான் போட்ட வால்வு" என்றேன். "அப்ப இவன் டெஸ்ட் பண்ணாமலே எழுதறானா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ ஜன்னலில் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடித்து நின்றதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். ஆனால் எனக்கு உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் கை பொய் சொல்லாது, அப்படியானால் உன் கைதான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். "தெரியல சார். சேர்லயே உக்காந்துகினு கீறான், பாக்குறானோ இன்னாவோ" என்றேன். இந்த வரியை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

உன்னைக் கரி யார்டுக்கு மாற்றினார்கள். ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தாய். கேன்டீனில் நீ நுழைந்தால், "சைபர் வந்துட்டான்பா, தட்டுல சோறு கீதான்னு பாத்து எய்து" என்று சிரிப்பார்கள். நானும் சில நாள் சிரித்திருக்கிறேன். நீ ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாய். டீக்கடையில் நின்றபோது, என் முகத்தைப் பார்க்காமல், "நான் பாத்துதான் மாமு எய்துனேன்" என்றாய். "சரி, வுடு" என்றேன். சரி, வுடு என்றால் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். அது உனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நம் பேச்சு மெதுவாகக் குறைந்தது. வீட்டு விசேஷத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிற உறவாகிவிட்டது.

நீ தண்ணீர் பிடித்த சின்னக் குழாய் சாஃப்ட்னர் வாயிலேயே இருந்தது. பைபாஸ் குழாய் வந்து சேருவது அதைத் தாண்டித்தான். நீ பார்த்தது நீலம். அதனால் சைபர் எழுதினாய். அதற்கு அப்பால் என் வால்வு என்ன செய்தது என்பதை நாம் யாரும் பார்க்கவில்லை. அந்த வால்வு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வேண்டுமென்றால் இதையும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்காரலாம். எனக்கு இனி அதில் இஷ்டமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. மூன்று பேரைக் கேட்காமல் பஸ்ஸில் போகாத நீ, அந்த வால்வைத் தாண்டி ஒரு தரமாவது ஏன் தண்ணீர் பிடித்துப் பார்க்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை பித்தளை வால்வை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காத்திவாக்கத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். "இன்னாண்ணே, சாவுக்கு வந்தவரு இப்பதான் வர்றீங்க. இன்னா வோணும்?" என்றார். நியாயமான சந்தேகம்தான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஆபீசரிடம் நான் சொன்ன வரியையும் சேர்த்து. வால்வை எடுத்துக் கொடுத்தேன். அவர் சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"நான் அப்பவே கேட்டேண்ணே," என்றார். "அந்த வால்வுல ஏதாச்சும் இருக்கப் போவுது, பிரிச்சிப் பாக்கச் சொல்லுன்னு. அதுக்கு எம்மேல எரிஞ்சி வியுந்தாரு. 'அவன் போட்ட வால்வு. அதப் போய் நான் சந்தேகப்படுவேனா'ன்னாரு. ரெண்டு நாளு எங்கிட்ட பேசல."

நான் அழுதுவிட்டேன் மாமு. தெருவில் வலை தூக்கிக்கொண்டு போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். உன் வீட்டுக்காரம்மா உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வால்வைத் திருப்பிக் கையில் கொடுத்து, "இத நீங்களே வச்சிக்கோங்க. எனக்கு இன்னாத்துக்கு?" என்றார். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமில்லை. அதை எதிர்பார்த்துப் போயிருந்தால் என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பைபாஸில் இப்போது பிளாஸ்டிக் வால்வுதான் இருக்கிறது. பூட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த அமோனியா பாட்டிலையும் பொடியையும் எனக்கென்று வாங்கி வைத்துக்கொண்டேன். பித்தளை வால்வு சமையலறை ஜன்னலில் அந்த பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. தினம் காலையில் குளியலறைக் குழாயில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று பிடிக்கிறேன். உன்னைப் போலவே வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். "மெஷின் வச்சாச்சு, தண்ணி நல்லாக் கீது. இன்னும் இன்னா சந்தேகம் நைனா?" என்கிறாள் மகள். தண்ணீர்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

நீலம் தெரிந்ததும் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு சைபர் போடுகிறேன். இன்றைக்கும் போட்டேன். பார்த்துதான் எழுதினேன் மாமு. நீயும் பார்த்துதான் எழுதினாய்.