உப்பு ஜாடி தாண்டி வந்த ராஜாக்கள்

என் செல்லத் தங்கச்சி பிலோமினாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. அந்தச் சேதியை உனக்குச் சொல்ல வேண்டும். என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் நம் அப்பாவைக் கேள். உன்னை எட்டாவது வரை அனுப்பியவர் என்னை மூன்றாவதோடு நிறுத்தினார். அங்கே அவரைப் பார்த்தால், பெரியவள் இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

ஆவடி குவார்ட்டர்ஸில் மற்ற வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில்களில் மூன்று ராஜா பொம்மைகளும் முதல் நாளே மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். உன் வீட்டில் மட்டும் சமையலறை அலமாரியிலிருந்து புறப்படுவார்கள். தினமும் கொஞ்சம் நகர்த்துவாய். அரிசி டிரம், தையல் மிஷின், டிவி பெட்டி என்று நடந்து, ஜனவரியில் ராஜாக்கள் திருநாளன்றுதான் முன்னறைக் குடிலுக்கு வந்து சேர்வார்கள். பால்காரம்மாகூட, "ராஜாங்க இன்னிக்கு எங்க கீறாங்க?" என்று எட்டிப் பார்ப்பாள்.

குடில் போட்டிக்கு மார்க் போட வந்த கோயில் கமிட்டிக்காரர் சவரிமுத்து ஞாபகமிருக்கிறதா?

"இன்னாம்மா, ராஜாங்களையே காணோம்?"

"வந்துகினு கீறாங்க சார். இப்பதான் உப்பு ஜாடியத் தாண்டுனாங்க."

நீ சொன்னதைக் கேலி என்று நினைத்துக்கொண்டார். உன் அச்சுமுறுக்கைத் தின்றுவிட்டு மார்க் போடாமல் போனார். நீ சிரித்தாய். நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. இதை மட்டும் மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள் என்று பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடமே சொல்லிவிட்டேன்.

இந்த வருசம் திருநாள் முடிகிறவரை உன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். உன் மகன் அருள், "சாவு ஊடு பெரிம்மா. ஸ்டார் வேணாம், குடில் வேணாம்" என்று சொல்லிவிட்டான். துக்க வருசத்து வழக்கம் அதுதான். ஆனால் உன் ராஜாக்களும் பரண் இருட்டில் கிடப்பதா? ஒரு வருசம் நின்றால் அத்தோடு நின்றுவிடுமே என்று எனக்குப் பயம்.

"ஸ்டார் வேணாம்டா, குடிலும் வேணாம். இவங்க பாட்டுக்கு நடக்கட்டும். தூரதேசத்துலேர்ந்து வர்றவங்களுக்கு இது சாவு ஊடுன்னு யார் போய் சொல்றது?"

ராஜாக்கள் இருந்த பெட்டியை மட்டும் அவனை இறக்கச் சொல்லி, மூன்று பேரையும் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

முதலில் நான்தான் நகர்த்தினேன். ஒரு காலையில் பார்த்தால், குக்கர் மூடியில் ஏறித் தண்ணீர்க் குடத்தைத் தாண்டியிருந்தார்கள். உன் மருமகள் ஜெயாவின் வேலை. "கடல் குறுக்க வந்துச்சி அத்தே, போட் புடிச்சாங்க" என்றாள். அதற்கு அடுத்து அருளின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால், "டூட்டி முடிஞ்சி வர்ற வழி, லிஃப்ட் கேட்டாங்க" என்கிறான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்படியே உன் குசும்பு.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஜெயா கேட்டாள்: "நாளிக்கு எங்க போய்ச் சேருவாங்க அத்தே? குடிலே இல்லியே."

அருள் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிக் குடிலை இறக்கினான். வைக்கோலை உதறிப் பரப்பி, குழந்தை பொம்மையைத் துடைத்து நடுவில் வைத்தான்.

"இம்மாந்தூரம் நடந்து வந்து, ஊட்ல யாரும் இல்லேன்னா நல்லாவா இருக்கும் பெரிம்மா?"

மறுநாள் சேமியா பாயசம் வைத்தோம். ராஜாக்கள் வந்து சேர்ந்தார்கள். நீ பார்த்தாயா?

அடுத்த வருசம் அவர்களைக் குமணன்சாவடியில் என் வீட்டிலிருந்தே கிளப்பப்போகிறேன். பூந்தமல்லியில் பஸ் மாறி, என் கூடையில் உட்கார்ந்துகொண்டு ஆவடிக்கு வருவார்கள். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் கண்டக்டரோடு சண்டை போட்டு வாங்கித் தருகிறேன். என் கால் நடக்கிறவரை அவர்களையும் நடக்க வைப்பேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்மேல் மட்டும் கோபம் நிலைக்காத
உன் அக்கா மரியம்மா